கம்பியும் காணியும்

"இலாபமற்ற பிரதேசம்" என்றொரு சொற்றொடர் தொலைத்தொடர்பு வணிகத்தில் வழங்கி வருகின்றது. மலைக்கு அப்பாலுள்ள ஊருக்கோ, வீடுகள் தூரந்தூரமாகச் சிதறிக் கிடக்கும் சிற்றூருக்கோ அதிவேக இணையம் எப்போது வரும் என்று கேட்டால், கணக்கர்கள் இந்தச் சொற்றொடரையே மறுமொழியாகத் தருவர். இயற்கை விதியொன்றைக் கேட்பது போல நாமும் கேட்டுக்கொண்டு திரும்பிவிடுகின்றோம். மழை பெய்யாத நிலம் என்பது போல, இலாபம் விளையாத நிலம்! யாருக்கு இலாபமில்லை, யாருடைய கணக்கின்படி இலாபமில்லை என்று திருப்பிக் கேட்கும் வழக்கம் எம்மிடம் குறைவு. அவ்வாறு திருப்பிக் கேட்ட சில கிராமத்தவரைப் பற்றியும், அவர்களுடைய கதையை எமது மலைநாட்டுக்குப் பொருத்திப் பார்த்தபோது நாம் எங்கே முட்டுண்டு நின்றோம் என்பதைப் பற்றியும் இங்கு எழுத விரும்புகின்றோம்.

இவ்விடயத்தில் எமக்கு அக்கறை பிறந்தது ஏட்டுப் படிப்பினாலன்று. 2020 மார்ச் நடுப்பகுதியில் நாட்டின் பாடசாலைகள் யாவும் மூடப்பட்டன. அதன்பின் ஏறக்குறைய இரண்டாண்டுகள் திறப்பதும் மூடுவதுமாகக் கழிந்தன. நாம் அப்போது ஊவா மாகாணத்துத் தோட்டப் பாடசாலையொன்றிற் கற்பித்துக்கொண்டிருந்தோம். இணையவழியாகக் கற்பியுங்கள் என்று மேலிடத்திலிருந்து பணிப்பு வந்தது. கொப்பியிற் பாடத்தை எழுதி, அதைப் படம்பிடித்து, வாட்ஸ்அப் வழியே அனுப்புவதுதான் எமது இணையவழிக் கல்வி. அதற்கான டேட்டாவை ஆசிரியர்கள் தம் கைக்காசிலே வாங்கினார்கள். பல வீடுகளில் இருந்தது ஒரேயொரு கைத்தொலைபேசி. அதுவும் கொழுந்து நிறுத்து முடியும்வரை தாயோடு மலையில் இருந்தது. பொழுது சாய்ந்தபின் பிள்ளைகள் அதை எடுத்துக்கொண்டு மேற்பிரிவுக்கு ஏறுவார்கள். அங்கே, தவறணைக்குப் பக்கத்துப் பாறையில் நின்றாற்றான் சிக்னல் கிடைக்கும். 2021இல் வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் கூட, இலங்கைப் பிள்ளைகள் பாறையிலும் மரத்திலும் ஏறியிருந்து பாடம் படிக்கும் காட்சிகளைப் படம்பிடித்து வெளியிட்டன. உலகம் வியந்தது. அருகிலிருந்து பார்த்த எமக்கு வியப்புத் தோன்றவில்லை. அட்டைக் கடியும், மழையில் வழுக்கிய பாறையுந்தான் நினைவில் இருக்கின்றன.

அக்காலத்தில் ஒன்பதாந் தரத்து மாணவி ஒருத்தி எம்மிடம் கேட்டாள்: "சேர், தோட்டத்துக் கோயில நாங்களே காசு சேத்துக் கட்டுனோம். டவரையும் நாங்களே கட்டுனா என்ன?" நாம் சிரித்தோம். ஆயினும் அந்தக் கேள்வி சிரிப்போடு போய்விடவில்லை. அப்படிக் கட்டியவர் எங்கேனும் உண்டா என்று தேடத் தொடங்கினோம். உண்டு என்று கண்டோம்.

இங்கிலாந்தின் வடமேற்கிலே, லங்காஷயரின் வட பகுதியில் லூன் என்னும் ஆறு ஓடுகின்றது. அதன் பள்ளத்தாக்கு முழுவதும் புல்வெளியும், கல்லடுக்கி எழுப்பிய வேலிகளும், செம்மறியாடுகளும், பால்மாடுகளுமே. ரே, ஆர்க்ஹோம், குவெர்ன்மோர் போன்ற சிற்றூர்களில் வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே வயல்கள் பரந்து கிடக்கும். பழைய செப்புத் தொலைபேசிக் கம்பி நீளநீள அதன்வழி வரும் இணையத்தின் வேகம் தேய்ந்துகொண்டே போகும். பண்ணை வீடுகளை எட்டும்போது ஒன்றுமே மிஞ்சாது. பெரிய நிறுவனங்கள் இவ்வூர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. ரே கிராமத்தில் 2000களின் தொடக்கத்திலே லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் துணையோடு கம்பியில்லா வலையொன்று அமைக்கப்பட்டது. பின்னர், 2009இல், கிறிஸ் கொண்டர் என்ற விவசாயப் பெண்மணி, அயற்பண்ணையொன்று இணையமின்றித் தவிப்பதைக் கண்டு, ஒளியிழைக் கம்பியை விலைக்கு வாங்கித் தாமே வயலூடாகப் புதைத்து அப்பண்ணைக்குத் தொடர்பு கொடுத்தார். பொறியியலாளர் எவரும் வரவில்லை. கம்பி வேலை செய்தது.

2011இல், கணினி வலையமைப்பில் வல்லவரான பரி போர்ட் முதலானோர் சேர்ந்து இம்முயற்சிக்கு ஒரு சங்கத்தின் உருவங் கொடுத்தார்கள். "கிராமிய வடக்குக்கு அகன்ற அலைவரிசை" என்பது அதன் பெயர். ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்து உச்சரித்தால் வைக்கோற் களஞ்சியத்தைக் குறிக்கும் "பார்ன்" என்ற சொல் வரும். பெயரிலேயே உழவனின் குறும்பு தெரிகின்றது.

இக்கதையில் எம்மை ஈர்த்தது அவர்களுடைய கணக்கு. ஒளியிழை என்பது தலைமயிரளவு மெல்லிய கண்ணாடி இழை. அதன் விலை அப்படியொன்றும் பெரிதன்று. இத்தகைய வலையை அமைப்பதற்கான செலவிற் பாதிக்கு மேற்பட்ட பகுதி நிலத்தைத் தோண்டுவதிலேயே போகின்றது. நிறுவனம் தோண்டினால் வீதியோரமாகத் தோண்டும். தார் பெயர்க்க வேண்டும், போக்குவரத்தை மறிக்க வேண்டும், மீண்டும் தார் போட வேண்டும், அதற்கெல்லாம் அனுமதிக் கட்டணமுங் கட்ட வேண்டும். லூன் பள்ளத்தாக்கினர் வீதியை விட்டு வயலுக்குள் இறங்கினார்கள். வயல் அவர்களுடையது. தம் காணியூடாகக் குழாய் செல்லும் வழியுரிமையைக் காணிக்காரர் காசு வாங்காமற் கொடுத்தனர். தோண்டுவதற்கு உழவு இயந்திரங்களும், நாம் "பெக்கோ" என்று அழைக்கும் இயந்திரங்களும், மண்ணைக் கீறிக் குழாயை உள்ளே இழுத்துச் செல்லும் கலப்பைகளும் பண்ணைகளிலே இருந்தன. இல்லாத இடத்தில் மண்வெட்டி இருந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர்களும், ஆட்டுப்பண்ணைக்காரரும், இல்லத்தரசிகளும் வார இறுதிகளில் அணிவகுத்துக் கான் வெட்டினார்கள். குழாயைப் புதைத்தபின் காற்றழுத்தத்தால் இழையை அதற்குள் ஊதிச் செலுத்துவர்; ஒட்டும் வேலையையும் ஊரவர் சிலர் கற்றுக்கொண்டனர்.

ஆக, இலாபமற்றது என்று கணக்கர்கள் கைவிட்ட வேலையின் மூலதனத்திற் பெரும் பங்கு அவ்வூர் மக்களிடம் ஏற்கெனவே இருந்தது. அது காணியாகவும் உழைப்பாகவும் இருந்ததால் எந்தக் கணக்கேட்டிலும் பதியப்படவில்லை. சங்கம் அதைப் பதிந்தது. தோண்டிய மீற்றருக்கு இவ்வளவென்று கணித்து, வேலை செய்தவருக்குச் சங்கத்தின் பங்குகளாகவே கொடுக்கும் முறை இருந்தது. கான் வெட்டியவன் கூலிக்காரனாக வீடு திரும்பவில்லை. கம்பியின் உடைமையாளருள் ஒருவனாகத் திரும்பினான். பொருளியற் பாடநூல்கள் மூலதனத்துக்கும் உழைப்புக்கும் வெவ்வேறு அத்தியாயங்கள் ஒதுக்குகின்றன. இங்கே ஒன்று மற்றதாக மாறியது வெறுங் கண்ணுக்கே தெரிந்தது.

மீதிப் பணத்தையும் ஊரே திரட்டியது. பங்கொன்றின் பெறுமதி 1 பவுண். ஆகக் குறைந்தது 100 பங்குகள் வாங்க வேண்டும். இத்தனை பங்கு வைத்திருப்பவருக்கு இத்தனை வாக்கு என்ற கொம்பனி முறை அங்கில்லை. நூறு பவுண் போட்டவருக்கும் பல்லாயிரம் போட்டவருக்கும் ஒரே வாக்கு. ஒவ்வோர் ஊரும் தனக்கு வேண்டிய தொகையைச் சேர்த்த பின்னரே அவ்வூரில் வேலை தொடங்கும். தொடக்கக் காலத்தில் அரசாங்க மானியம் எதுவுமில்லை. 2018க்குப் பின்னர், கிராமப்புற இணைப்புக்கென அரசு வழங்கிய உறுதிச்சீட்டுகளைக் குடும்பங்கள் ஒன்றுசேர்த்துச் சங்கத்தின் வேலைக்குப் பயன்படுத்தின. இணைப்புக்கு 150 பவுண், மாதக் கட்டணம் 30 பவுண் என்ற விலை பல ஆண்டுகள் நிலைத்தது. அதற்குக் கிடைத்தது நொடிக்கு ஒரு கிகாபிட் வேகம்; இறக்குவதற்கும் ஏற்றுவதற்கும் ஒரே வேகம். இலண்டன் மாநகரிற் பலருக்கு அப்போது கிட்டாத வேகம் ஆட்டுக் கொட்டிலுக்குக் கிட்டியது. இன்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் தொழிலகங்களும் அதனோடு இணைந்திருக்கின்றன. சங்கம் சமூக நலச் சங்கமாகப் பதியப்பட்டிருப்பதால், சொத்தை விற்று உறுப்பினர் தமக்குள்ளே பங்கிட்டுக்கொள்ளச் சட்டம் இடந்தருவதில்லை. இந்த ஏற்பாட்டை நாம் மிக முக்கியமாகக் கருதுகின்றோம். எத்தனையோ பொதுச் சொத்துக்கள் பலரின் வியர்வையிற் பிறந்து, நல்ல விலை வந்த நாளிற் சிலரின் கைக்குப் போயிருக்கின்றன.

கூட்டுறவு என்ற சொல் அந்த மண்ணுக்குப் புதிதன்று. அதே லங்காஷயரின் ரொச்டேல் நகரிலேதான் 1844 டிசம்பரில், நெசவாளர் முதலான தொழிலாளர் 28 பேர், 28 பவுண் முதலோடு, மாவும் வெண்ணெயும் சீனியும் விற்கும் கடையொன்றைத் திறந்தனர். எமக்கும் அது புதிதன்று. 1911இல் இலங்கையிற் கூட்டுறவுச் சட்டம் வந்தது. 1930களில் யாழ்ப்பாணத்து மூளாயில் மக்கள் தமக்கெனக் கூட்டுறவு வைத்தியசாலையையே நிறுவினர். பிற்காலத்தில் எமது சங்கங்கள் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நிற்கும் இடங்களாகச் சுருங்கி, ஆளுங்கட்சிக்காரரின் தொழில் வழங்கும் நிலையங்களாகவும் மாறியதனால், "சங்கம்" என்றதும் இளைஞர் முகஞ் சுளிக்கின்றனர். அச்சுளிப்பில் நியாயமுண்டு. என்றாலும் சங்கத்தைக் கெடுத்தது கூட்டுறவா, கூட்டுறவைப் பறித்தெடுத்த அதிகாரமா என்பதையும் அவர்கள் ஆராய வேண்டும்.

இக்கதையை எமது வாசகர் வட்டத்திற் சொன்னபோது இரண்டு எதிர்ப்புகள் எழுந்தன.

முதலாவதை இளம் ஆசிரியர் ஒருவர் எழுப்பினார். இணையம் இன்று தண்ணீரைப் போன்ற தேவை. அதைத் தருவது அரசின் கடமை. மக்களே மண்வெட்டியைத் தூக்கினால் அரசு கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்கும் என்றார். இதில் உண்மையுண்டு. ஆனால் அரசு தரும்போது எவருடைய கையிற் கொடுக்கின்றது என்ற கேள்வி இருக்கின்றதே! லூன் பள்ளத்தாக்கின் அருகே டொல்பின்ஹோம் என்ற ஊரில், மக்கள் தாமே வலை அமைத்துக்கொண்டிருந்த வேளையில், பொதுப்பணத்தின் உதவி பெற்ற பெருநிறுவனமொன்றின் கம்பியும் அங்கு வந்தமை குறித்து 2014இற் சர்ச்சை எழுந்தது. முன்பு எட்டிப் பாராதவர்கள், மக்கள் மண்வெட்டி எடுத்தபின் ஓடி வந்தார்கள்! அமெரிக்காவில் இதற்கு முன்னோடிக் கதையுண்டு. 1930களின் நடுப்பகுதியில் அந்நாட்டுப் பண்ணைகளிற் பத்தில் ஒன்றுக்கு மட்டுமே மின்சாரம் இருந்தது. இலாபமில்லை என்றன மின் கொம்பனிகள். 1935இல் ரூஸ்வெல்ட் அரசு கிராம மின்மயமாக்கல் நிர்வாகத்தை நிறுவியது. 1936இற் சட்டம் வந்தது. அரசு குறைந்த வட்டிக்குக் கடன் கொடுத்தது. கம்பிக்கு உடைமையாளராக விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்கள் இருந்தன. சங்கங்கள் வேலை தொடங்கியதும், வசதியான பண்ணைகளுக்கு மட்டும் அவசர அவசரமாகக் கம்பி இழுத்துச் சங்கத்தின் வருமானத்தைப் பிளக்கக் கொம்பனிகள் முனைந்தன. அவற்றை மக்கள் "வன்மக் கம்பிகள்" என்று அழைத்தனர். இருந்தும் சங்கங்கள் வென்றன. 1950களின் நடுப்பகுதிக்குள் பண்ணைகளிற் பத்தில் ஒன்பதுக்கு விளக்கு எரிந்தது. இன்று அச்சங்கங்களிற் பல தம் பழைய மின்கம்பங்களிலேயே ஒளியிழையையும் இழுத்து உறுப்பினர்க்கு இணையம் வழங்குகின்றன. கடன் அரசினுடையதாகவும் உடைமை மக்களுடையதாகவும் இருக்கும் இந்த ஏற்பாடே எமக்கு உவப்பானது. அரசுக்கு வேலையுண்டு, அவ்வேலை கொம்பனியின் இலாபக் குறைவை நிரப்பிக் கொடுப்பதாக முடியக் கூடாது.

இரண்டாவது எதிர்ப்பு எம்மை இன்றுவரை விடவில்லை. தோட்டத் தொழிற்சங்கத்தில் நாற்பதாண்டுகள் உழைத்த முதியவர் ஒருவர், எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டுச் சொன்னார்: "மாஸ்டர், அது காணி உள்ளவன் கதை. கான் வெட்ட நமக்குத் தெரியாதா? இருநூறு வருசமா வெட்டுறோம். வெட்டுறதுக்கு நம்ம மண்ணு எங்க இருக்கு?"

அவர் சொன்னது கதையின் அடித்தளத்தையே தொட்டது. லங்காஷயர் உழவனுக்கு வழியுரிமையை இலவசமாகக் கொடுக்க முடிந்தது, கொடுப்பதற்கு அவனிடம் வழி இருந்ததனால். 100 பவுண் பங்கு வாங்க முடிந்தது, மாத முடிவில் அவனிடம் ஏதோ மிஞ்சியதனால். அப்பங்குகளுக்கு இருந்த வருமானவரிச் சலுகையும் வரி கட்டுமளவுக்கு வருமானம் உள்ளவனுக்கே பயன்பட்டது. அவ்வூரிலும் காணியற்ற கூலியாளர் இருந்திருப்பர். அவர்களும் கம்பியாற் பயன் பெற்றனர் என்பது மெய். ஆனால் கம்பி நடந்தது காணியின் தோளிலே.

பணமில்லாதவர் என்ன செய்யலாம் என்பதற்குத் தென்னாபிரிக்காவில் ஒரு விடை கிடைக்கின்றது. கிழக்குக் கேப் மாகாணத்து மன்கோசி என்ற வறிய கிராமப் பகுதியில், மேற்குக் கேப் பல்கலைக்கழகத்தாரின் துணையோடு, 2014இல் "சென்செலெனி" என்ற கூட்டுறவுச் சங்கம் பதியப்பட்டது. "நீங்களே செய்துகொள்ளுங்கள்" என்பது கோசா மொழியில் அச்சொல்லின் பொருள். அங்கே கான் வெட்டவில்லை. வீட்டுக் கூரைகளில் வானலைக் கருவிகளைப் பொருத்திச் சூரிய மின்சாரத்தால் இயக்கினர். சங்கத்தின் முதல் வருமானம் இணையத்திலிருந்து வரவுமில்லை: மின்சாரமில்லாத அவ்வூரில், அதே சூரிய மின்கலங்களைக் கொண்டு அயலாரின் கைத்தொலைபேசிகளுக்குச் சார்ஜ் ஏற்றிக் கொடுத்துச் சில்லறை சேர்த்தனர். தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் சபையிடம் உரிமக் கட்டண விலக்கும் பெற்றனர். பங்கு வாங்க நூறு பவுண் இல்லாத இடத்திலும் வழி உண்டென்று இக்கதை காட்டுகின்றது. ஆனால் கூரை? மன்கோசியிற் கூரை வீட்டுக்காரனுடையது. எமது லயத்துக் கூரை தோட்டத்தினுடையது. தகரத்தை மாற்றுவதென்றாலும் தோட்டக் கந்தோரிற் சொல்லியாக வேண்டும்.

சப்பிரகமுவ மலைக் கிராமங்களில் 1990களிலும் அதற்குப் பின்னரும் சிங்கள விவசாயிகள் மின் நுகர்வோர் சங்கங்கள் அமைத்து, ஓடையை மறித்துச் சிறு நீர்மின் நிலையங்கள் கட்டித் தம் வீடுகளுக்குத் தாமே விளக்கேற்றினர். தேசிய மின்கம்பி வந்தபின் அவற்றிற் பல கைவிடப்பட்டன. அது வேறொரு கட்டுரைக்குரிய துயரம். இங்கு நாம் குறிப்பது, அந்த ஓடையும் கானும் அவர்களுடைய கிராமத்துக்குள் இருந்தன என்பதையே. அதே மழையும் அதே சரிவும் உள்ள பக்கத்துத் தோட்டத்தில், ஓடை தோட்டத்தின் எல்லைக்குள் ஓடுகின்றது. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் தனியார் கொம்பனிகளிடம் போயிற்று. காணி கைமாறிய ஒவ்வொரு தடவையும் லயத்தில் இருப்பவன் எழுதப்பட்டது ஆட்கணக்கிலே. காணிக்கணக்கில் அவன் பெயர் ஏறவில்லை.

முதியவரின் கேள்விக்குப் பின் நாம் சும்மா இருக்கவில்லை. பிரதான வீதியோரம் ஒளியிழை போகின்றது; அங்கிருந்து பாடசாலைக்கு எவ்வளவு தூரம் என்று பெற்றோர் சிலரோடு நடந்து அளந்தோம். மூன்று கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. குறுக்கே தேயிலை மலைகள் நான்கு, ஒரு சிற்றாறு, பெரிய கான்கள் பதினொன்று. நாம் வழியைக் குறித்துக்கொண்டு வந்தபோது, உடன்வந்த கான் வெட்டும் தொழிலாளர் இருவர் எமது பாதையைத் திருத்தினார்கள்: இங்கே பாறை, இதில் மண் சரியும், அந்தக் கரையால் எடுத்தால் இரண்டு நாள் வேலை மிச்சம். எந்தப் பொறியியலாளரும் அதைவிட நன்றாகச் சொல்லியிரார். குடிநீர்க் குழாய்க்குச் சிரமதானமாகக் கான் வெட்டிய அனுபவம் அவர்களுக்கு இருந்தது. குடும்பத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை என்று பெற்றோர் கூட்டத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஒரு தாய் மட்டும், ஞாயிறு வேலைக்கு அரைப்பேராவது போடுவீர்களா என்று கேட்டார். சிரிப்பொலி அடங்கியபின், லங்காஷயரிற் பேர் போட்டது பங்காக என்று விளக்கினோம். அவர் சிறிது யோசித்து, பங்கு என்றால் அதைப் பிள்ளையின் பெயரில் எழுதலாமா என்று கேட்டார்.

உரிமம் ஒரு தடை என்பதை அறிவோம். 1991ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி உரிமமின்றித் தொலைத்தொடர்பு முறையொன்றை இயக்க முடியாது. உரிமம் பெற்ற நிறுவனமொன்றிடமிருந்து மொத்தமாக இணைப்பை வாங்கிப் பாடசாலை வரை கொணர்வது, அங்கிருந்து லயங்களுக்குப் பகிர்வதை அடுத்த படியாக வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. குழாயின் விலைக்குப் பழைய மாணவர்கள் சிலர் பொறுப்பேற்றிருக்கின்றனர். கொழும்பில் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் அவர்கள். ஆளுக்கு ஆயிரம் ரூபா என்பது அவர்களுக்குச் சிறிய தொகையன்று.

தேயிலை மலையினூடாக ஒன்றரை அடி ஆழத்தில் கான் வெட்டிக் குழாய் புதைக்க அனுமதி கோரித் தோட்ட நிர்வாகத்துக்குப் பெற்றோர் சங்கத்தின் பெயரிற் கடிதம் கொடுத்தோம். செடி எதுவும் பிடுங்கப்படாது என்றும், வெட்டிய மண் அன்றே மூடப்படும் என்றும் எழுதியிருந்தோம். விண்ணப்பம் தலைமைக் கந்தோருக்கு அனுப்பப்பட்டிருப்பதாக ஒரு வரியில் மறுமொழி வந்தது. அதற்குப் பின் மூன்று தடவை நினைவூட்டிவிட்டோம். அதே நான்கு மலைகளிலும் இவ்வாண்டு புதிதாகக் கான் வெட்டும் வேலை நடக்கின்றது. எம்மோடு வழி அளந்த அவ்விருவரும் நாட்சம்பளத்துக்கு அங்கே வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்.